சிரட்டையில் இருந்த மருந்து

கச்சான் காற்றை அறியாதவர்கள் ஊவாவில் இருக்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்து மலைகளில் தன் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமில்லாத வெறுங்காற்றாகப் பதுளை, பசறை, பண்டாரவளை மலைச்சரிவுகளில் இறங்குகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்தக் காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனி மதிப்பும் கிடைக்கின்றன. அதே காற்றுதான் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல் நுனிகளையும் குதிகால்களையும் வெடிக்கச் செய்கின்றது.

எனது அம்மா முப்பத்து மூன்று வருடங்கள் கொழுந்து பறித்தவர். பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில், லயத்தின் கடைசிக் காம்பராவில் அக்காவும் நானும் வளர்ந்தோம். காலையில் பனி நனைத்த செடிகளுக்குள் இறங்கும் அம்மாவின் கைகள் பத்து மணிவரை ஈரமாகவே இருக்கும். அதன் பின்னர் வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். கொழுந்துச் சாறு விரலிடுக்குகளில் கறுப்பாகப் படிந்திருக்கும். அந்தக் கறையின் நடுவே கோடு கோடாகத் தோல் வெடித்திருக்கும். மாலையில் வந்து அம்மியில் மிளகாய் அரைக்கும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொள்வார். ஏன் என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்த பின்னர் அம்மா தன் மருந்தைத் தயாரிப்பார். எரிந்து மிஞ்சிய வெள்ளை மெழுகுதிரித் துண்டொன்றைப் பழைய தகரக் கரண்டியில் போட்டு, இரண்டு மடங்கு தேங்காயெண்ணெய் விட்டு, அடுப்புத் தணலில் உருக்குவார். ஆறிய பின் அதை ஒரு சிரட்டையில் வழித்து வைப்பார். கையைக் கழுவித் துடைத்த கையோடு அந்த மெழுகை விரல்களிலும் குதிகாலிலும் அழுத்தித் தேய்த்து, பழைய சீலைத் துண்டால் சுற்றிக்கொண்டு படுப்பார். மறுநாள் காலையில் வெடிப்பு மாறியிருக்காது. ஆனால் வலி குறைந்திருக்கும். பிரட்டுக்குப் போகும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவார். கொழுந்தில் எண்ணெய் வாடை பிடித்தால் கணக்குப்பிள்ளை ஏசுவார் என்ற பயம்.

சம்பள நாளில் தோட்டத்துக் கடைத் தெருவுக்கு வியாபாரிகள் வருவார்கள். சட்டி பானை, சீலை, வளையல், கருவாடு என்று பல கடைகள் ஒரே நாளில் முளைக்கும். அவற்றுள் ஒலிபெருக்கியோடு வரும் மருந்துக்காரரைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் வந்த ஒருவரை நன்றாக நினைவிருக்கின்றது. காட்டு மூலிகைகள் நாற்பத்தெட்டைச் சேர்த்துக் காய்ச்சிய தைலம் என்றார். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், படை, சொறி, கரும்புள்ளி, மூட்டு வலி, தலைப்பொடுகு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்றார். அம்மா தன் இரண்டு நாட் சம்பளத்தைக் கொடுத்து ஒரு டப்பி வாங்கினார். பச்சை நிறமாகவும் வாசனையாகவும் இருந்தது. ஒரு மாதம் பூசினார். டப்பி முடிந்ததும் மீண்டும் சிரட்டைக்கே திரும்பினார். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று அக்கா கேட்டதற்கு, "அதுவும் இதுவும் ஒண்ணுதான் புள்ள. அது வாசமா இருந்துச்சு" என்றார். அந்தப் பதில் எத்தனை சரியானது என்பது எனக்கு விளங்க முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என் அறியாமைக்கு வேறொருத்தி விலை கொடுத்துவிட்டாள்.

நான் படித்து முன்பள்ளி ஆசிரியையாகிப் பதுளை நகரத்தில் குடியேறினேன். மாதச் சம்பளம் கையில் வந்ததும் அம்மாவின் சிரட்டை எனக்கு வெட்கமாகத் தோன்றியது. கண்ணாடி டப்பிகளில், மூங்கில் மூடியோடு, கற்றாழையும் வேம்பும் மரமஞ்சளும் படமாக அச்சிட்டு வரும் இயற்கைப் பூச்சுகளைத் தேடி வாங்கினேன். 'இரசாயனம் அற்றது', 'நூறு வீதம் இயற்கையானது', 'பாரம்பரிய இரகசியம்' என்ற வார்த்தைகளை நம்பினேன். இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்பது நம் பெண்களில் பலரது எண்ணம். எனது எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது.

2019 இல் அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். அவளுக்கு அப்போது 23 வயது. பதுளை பஸார் வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அம்மாவைப் போலவே நல்ல கறுப்பு. கன்னத்தில் இலேசாக மங்கு படிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர இரண்டு மாதங்கள் இருந்தன. தெரிந்த ஒரு பெண்மணி, தன் வீட்டிலேயே மூலிகையால் செய்வதாகச் சொல்லி ஒரு கிறீமை எனக்குக் காட்டினார். டப்பியின் மேல் ஒரு இலைப் படம் மட்டும் இருந்தது. செய்தவர் பெயர், முகவரி, சேர்மானம், திகதி எதுவும் இல்லை. வீட்டில் செய்வதுதானே, அதனால்தான் இல்லை என்று நானே காரணமும் கற்பித்துக்கொண்டேன். அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்தே நாட்களில் மங்கு மறைந்தது. முகம் பளபளத்தது. கடையில் உடன் வேலை செய்த பிள்ளைகள் எல்லாரும் அந்த டப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். இயற்கையின் மகிமை என்று நான் பெருமைப்பட்டேன். மூன்றாம் மாதம் கன்னங்கள் சிவக்கத் தொடங்கின. வெயிலில் இறங்கினால் எரிந்தது. வாயைச் சுற்றிச் சிறு பருக்கள் கிளம்பின. உற்றுப் பார்த்தால் கன்னத்துத் தோலின் அடியில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. பயந்துபோய்க் கிறீமை நிறுத்தினாள். மூன்றாம் நாள் முகம் வீங்கி நெருப்பாக எரிந்தது. மீண்டும் பூசினால் அடங்கியது. நிறுத்தினால் எரிந்தது.

அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு அவளை அழைத்துப் போனேன். வைத்தியர் அம்மையார் முகத்தைப் பார்த்த உடனேயே, "என்ன கிறீம் போட்டீர்கள்?" என்று கேட்டார். மூலிகைக் கிறீம் என்றேன். எத்தனை நாளில் குணம் தெரிந்தது என்று கேட்டார். பத்து நாள் என்று சொன்னதும் தலையை ஆட்டினார். "ஆய்வுகூடத்தில் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் இதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கின்றது என்றுதான் இந்த முகம் சொல்கின்றது. மூலிகை எதுவும் இத்தனை வேகமாக வேலை செய்யாது" என்றார்.

ஸ்டீரொயிட் என்பது வைத்தியர்கள் அளவோடும் நாட்கணக்கோடும் கொடுக்கின்ற மருந்து. கரப்பான் போன்ற நோய்களில் தோலின் அழற்சியைச் சட்டென்று அடக்கும். தோலை வெளிறவும் செய்யும். ஆதலால் கரும்புள்ளி மறைவது போலவும் நிறம் கூடுவது போலவும் தோன்றும். ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, நிறுத்தும்போது முன்னிருந்ததைவிட மோசமாகத் திரும்பும். மூலிகை என்ற பெயரில் இதைக் கலந்து விற்பது நம் நாட்டில் மாத்திரம் நடக்கின்ற ஒன்றல்ல. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வைத்தியர்கள், கரப்பான் நோயுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் பூசிவந்த 24 மூலிகைக் கிறீம்களை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து 2003 இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 20 இல் ஸ்டீரொயிட் இருந்தது. அந்தத் தாய்மாரும் என்னைப் போலவே இயற்கை என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

அவள் முகம் ஓரளவு பழைய நிலைக்கு வர எட்டு மாதங்கள் சென்றன. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. நின்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் ஒரு நாள், மருந்து பூசிக்கொண்டிருந்த நேரத்தில், கண்ணாடியைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். "சித்தி, என் பழைய மொகமே போதும்னு நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே?" நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதன் பின்னர்தான் டப்பியில் எழுதியிருப்பது வேறு, டப்பிக்குள் இருப்பது வேறு என்பதைத் தேடி அறியத் தொடங்கினேன். வைத்தியர் அம்மையாரிடமும், மருந்துக் கலவையாளராக வேலை செய்யும் ஒரு சிநேகிதியிடமும் கேட்டும், வாசித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

நம் தோலின் மேற்பகுதி லயத்துக் கற்சுவர் போன்றது. இறந்த செல்கள் கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு, சாந்து. கச்சான் காற்றும், திரும்பத் திரும்ப நனைந்து காய்வதும், சவர்க்காரமும் இந்தச் சாந்தை அரித்துவிடுகின்றன. சாந்து போனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். ஈரம் போனால் தோல் வளைந்து கொடுக்காமல் வெடிக்கும். பூச்சு மருந்தின் வேலை இந்த வெளிச்சுவருக்குத் தற்காலிகமாகப் பூசு வேலை செய்வதுதான். எண்ணெய் தோலை மிருதுவாக்கும். மெழுகு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். வெடிப்பை ஆற்றுவது பூச்சல்ல, தோலேதான் ஆறுகின்றது. பூச்சு அதற்கு அவகாசம் கொடுக்கின்றது.

இந்த வேலைக்கு மிகச் சிறந்தது எது தெரியுமா? இயற்கைப் பூச்சுக்காரர்கள் இகழ்ந்து பேசுகின்ற வஸலின்தான். அதன் கதை சுவையானது. அமெரிக்காவில் பெற்றோலிய எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்த கூலியாட்கள், இயந்திரத்தில் படிகின்ற ஒரு மெழுகைத் தங்கள் கைகளின் வெட்டுக்காயங்களிலும் தீக்காயங்களிலும் பூசிக்கொள்வதை ரொபேர்ட் செஸ்புரோ என்ற இரசாயனவியலாளர் கவனித்தார். அதைச் சுத்திகரித்து 1872 இல் உரிமம் பெற்றார். ஆக, உலகம் முழுவதும் விற்பனையாகும் அந்தப் பொருளை முதலில் பூசிப் பார்த்தவர்கள், எங்கள் தோட்டத்துப் பெண்களைப் போலக் கையால் உழைத்துக் கை வெடித்தவர்களே.

அப்படியானால் தேங்காயெண்ணெய் வீணா? இல்லை. 2004 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம், ஒரு பகுதியினருக்குத் தேங்காயெண்ணெயும் மற்றப் பகுதியினருக்குக் கனிம எண்ணெயும் பூசி ஒப்பிட்டார்கள். இரண்டும் சமமாகவே பயன் தந்தன. கனிம எண்ணெய் என்பது பெற்றோலியத்திலிருந்து எடுப்பது, வஸலினுக்கு உறவு. தோலுக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியவில்லை.

வாசித்தது போதாது, கண்ணால் பார்க்கவும் வேண்டும் என்று தோன்றியது. 2023 ஆகஸ்டில், கச்சான் உச்சத்தில் வீசிய நாட்களில், ஒரு சிறு பரீட்சை செய்தேன். அம்மா, அக்கா, இன்னும் மலைக்குப் போகும் பக்கத்துக் காம்பராப் பெண்கள் இருவர் என நால்வர். பதுளையில் நல்ல பெயர் வைத்து, இயற்கை என்று எழுதி, சேர்மானங்கள் எல்லாம் ஒழுங்காக அச்சிட்டு விற்கின்ற ஒரு பூச்சை வாங்கினேன். 50 கிராம் 1150 ரூபா. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா நாட்சம்பளமே அந்தப் பெண்களுக்கு அப்போதும் இருந்தது. ஒரு நாள் முழுவதும் பறித்தாலும் அந்த ஒரு டப்பியை வாங்க முடியாது. இடது கைக்கு அந்தப் பூச்சு. வலது கைக்குச் சாதாரண வஸலின். பதினான்கு இரவுகள், கை கழுவிய உடனே, ஈரம் முற்றாகக் காய்வதற்குள் பூச வேண்டும். மேலே பழைய காலுறையைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும்.

நால்வரை வைத்துச் செய்வதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். வாசனையால் எது எது என்று அவர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனால் கண்டதைச் சொல்கின்றேன். இரண்டு கைகளிலும் வெடிப்புகள் ஒரே அளவாகக் குறைந்தன. வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்களில் ஒருவருக்கு ஐந்தாம் நாள் இடது கையில் அரிப்பு எடுத்துச் சிறு கொப்புளங்கள் வந்தன. நிறுத்தியதும் மாறின. அந்தப் பூச்சில் வாசனைக்காக எலுமிச்சம்புல் எண்ணெயும் வேறு சில எண்ணெய்களும் இருந்தன. வாசனை எண்ணெய்கள் செடியிலிருந்து வந்தாலும் சிலரது தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. திறந்த டப்பியில் காற்றுப் பட்டுப் பழையதாகும்போது ஒவ்வாமை கூடுகின்றது. அம்மா மாத்திரம் இடது கையை மோந்து பார்த்து, "இது வாசமா இருக்கு" என்றார். முப்பது வருடங்களுக்கு முன் சொன்ன அதே தீர்ப்பு.

அந்தப் பூச்சு மோசமானதல்ல. தேன்மெழுகும் எண்ணெயும் நல்ல பொருட்கள். அது பொய் மருந்தும் அல்ல. ஈரத்தைக் காக்கும் என்று எழுதியிருந்தது, காத்தது. ஆனால் அதே டப்பியில் 'தோலைப் புதுப்பிக்கும்', 'நச்சுகளை வெளியேற்றும்', 'நிறத்தைச் சீராக்கும்' என்றும் எழுதியிருந்தது. தோலின் மேலே படிந்திருக்கும் மெழுகு எந்த நச்சையும் வெளியே இழுக்காது. மேல்தோல் தானாகவே ஏறக்குறைய நான்கு வாரங்களில் புதுப்பித்துக்கொள்கின்றது. நிறத்தைக் கொடுக்கும் செல்கள் மேல்தோலின் அடியில் இருக்கின்றன. மெழுகுக்கு அங்கே வேலை இல்லை. ஆக, ஒரு உண்மையான வாக்குறுதியோடு மூன்று வெற்று வாக்குறுதிகளைச் சேர்த்து விற்கின்றார்கள். விலை அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

அம்மாவின் மருந்தையும் நான் புகழ்ந்துவிட்டுப் போகப் போவதில்லை. மெழுகுதிரி தோலுக்கென்று செய்யப்படுவதல்ல. இன்று வருகின்ற நிறத் திரிகளிலும் வாசனைத் திரிகளிலும் என்ன கலந்திருக்கின்றது என்று தெரியாது. தணலில் எண்ணெய் உருக்கிக் கை சுட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அம்மாவுக்கு அன்று வேறு வழி இல்லாததால் அதைச் செய்தார். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனையற்ற வஸலின் அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்கின்றது. பாட்டி வைத்தியம் என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. புதிய டப்பி என்பதாலேயே ஒன்று உயர்ந்ததும் ஆகிவிடாது.

சகோதரிகளே, இனி ஒரு பூச்சை வாங்கும்போது சில விடயங்களைக் கவனியுங்கள்.

முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள். டப்பியைத் திருப்பிச் சேர்மானத்தை வாசியுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள். பொதுவாக அதிகமாக உள்ள பொருள் முதலிலும் குறைந்தது கடைசியிலும் எழுதப்படும். படத்தில் பெரிதாக இருக்கும் மரமஞ்சளோ கற்றாழையோ பட்டியலின் வாலில் இருந்தால், நீங்கள் விலை கொடுப்பது படத்துக்கு. நான் வாங்கிய டப்பிகள் பலவற்றில் தமிழில் ஒரு எழுத்தும் இருக்கவில்லை. தோட்டத்துப் பெண் வாசிக்க முடியாத எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை.

செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த திகதி, முடிவுத் திகதி, விலை ஆகியவை இல்லாத டப்பியை, கொடுப்பவர் எத்தனை தெரிந்தவராக இருந்தாலும் வாங்காதீர்கள். ஆயுர்வேத மருந்து என்று சொல்லி விற்றால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு இருக்கின்றதா என்று பாருங்கள்.

வெண்மையாக்கும் கிறீம்களில் இன்னொரு ஆபத்து பாதரசம். அது தோலின் வழியே உடம்புக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2017 இல் நடைமுறைக்கு வந்த, பாதரசம் பற்றிய மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை, ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்த வேண்டும் என்றது. அந்தச் சிறு விதிவிலக்கும் வேண்டாம், 2025 உடன் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் நிறுத்த வேண்டும் என்று 2023 இல் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்துள்ளது. எனினும் களவாக வருவது நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு கிறீமில் எழுதியிருந்தால் உடனே கீழே வையுங்கள். பாதரசம் இருப்பதற்கு அது ஓர் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்று நாம் பல வருடங்கள் கேட்ட பெயரை அதன் நிறுவனமே 2020 இல் மாற்றி, 'க்ளோ அன்ட் லவ்லி' ஆக்கியது. வெண்மை என்ற சொல்லை விற்பவர்களே கைவிடுகின்ற காலத்தில் நாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

புதிய பூச்சு எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிய இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் மற்ற இடங்களுக்குப் பூசுங்கள். பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

பூச்சு மாற்றாத நோய்கள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். வட்டமாகப் பரவும் படர்தாமரைக்கு ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பூசினால் முதலில் அடங்குவதுபோல் காட்டிப் பின்னர் பெருகும். சொறி சிரங்குக்கு வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து செய்ய வேண்டும். நீரிழிவு உள்ளவரின் குதிகால் வெடிப்பு ஆறாமல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தோலில் வெளிறிய ஒரு தேமல் தோன்றி அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயாக இருக்கக்கூடும். அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்கு இலவச மருந்து உண்டு. நேரத்தோடு போனால் முற்றாகக் குணமாகும். இப்படிப்பட்டவற்றின் மேல் வாசனைத் தைலம் பூசி மாதங்களை வீணாக்குவதுதான் இயற்கைப் பூச்சுகளால் வரும் பெரிய கேடு.

ஏமாற்றப்பட்டால் வாய்மூடி இருக்கவும் வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கி விற்பதைக் குற்றமாக்குகின்றது. 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் முறையிடலாம். நான் அன்று முறையிடவில்லை. தெரிந்தவர் என்ற தாட்சண்யம், நானே வாங்கிக் கொடுத்தேன் என்ற வெட்கம், இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்தன. எனக்குப் பின்னர் அந்த டப்பியை எத்தனை பெண்கள் வாங்கினார்களோ என்ற நினைவு இன்றும் உறுத்துகின்றது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

அக்கா மகளுக்குத் திருமணமாகி இப்போது ஒரு பெண் குழந்தை. அவளுடைய முகத்தில் வலது கன்னத்தின் மேல் இலேசான சிவப்பு இன்னும் இருக்கின்றது. கச்சான் காலத்தில் கொஞ்சம் எரியும் என்பாள். குழந்தை அம்மாயியின் நிறம். போன ஆடியில் அவர்களைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் குழந்தையைப் பார்த்து, "நலங்கு மாவு தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க, நெறம் வந்துரும்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "வேணாங்க அக்கா. இந்த மொகமே எங்களுக்குப் போதும்" என்றாள்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன வஸலினைத் தன் விரல்களில் தேய்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் காற்று வீசும்போது அந்தப் பழைய கோடுகள் இலேசாகத் திறக்கின்றன. மீதியைக் கொள்ளுப்பேத்தியின் சிறிய குதிகால்களில் தடவிவிட்டு, டப்பியை இறுக மூடி, முன்பு சிரட்டை இருந்த அதே மாடத்தில் வைத்தார்.